இரண்டு ரிங், ஒரு சிலிண்டர்

ஒரு மனிதனின் அரை நாள் மூச்சுக்கு ஜார்ஜ் டவுனில் விலை முப்பத்தெட்டு வெள்ளி. தீவுக்குள் என்றால் வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார்கள். பாலம் தாண்டினால் பன்னிரண்டு வெள்ளி கூடுதல். பேரம் பேசிப் பார்த்தவர்கள் உண்டு. "சரி, எத்தனை மூச்சு கொறைச்சிக்கலாம்னு சொல்லுங்க, அதுக்கேத்தாப்ல கொறைக்கிறேன்" என்பாள் புஷ்பவள்ளி. கேட்டவர் பேசாமல் காசை எடுத்து வைத்துவிடுவார்.

டத்தோ கிராமாட்டில் அவள் நடத்தும் கடைக்குப் பெயர் 'பிச்சைமுத்து ஆக்சிஜன்'. பெயருக்குரிய பிச்சைமுத்து, அவள் கணவர், கடையில் இல்லாமல் ஆறு வருடம் ஆகிறது. ஒரு சண்டை, ஒரு கைப்பை, ஒரு டாக்சி; அத்தோடு போனவர்தான். பலகையை மாற்ற ஆயிரத்தெண்ணூறு வெள்ளி கேட்டார்கள் என்பதால் பெயர் மட்டும் வாசலில் தங்கிவிட்டது. கடைக்குள் அதை யாரும் உச்சரிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டு மருமகள் காமினி கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். சுவரில் மாட்டியிருக்கும் தொலைபேசிப் பெட்டிக்குப் புதிய சாஃப்ட்வேர். பழைய வெர்ஷனுக்கு அடுத்த மாதத்திலிருந்து பராமரிப்பு கிடையாது என்று பெட்டி விற்ற கம்பெனி மூன்று கடிதம் போட்டுவிட்டது. மாமியார் புஷ்பவள்ளிக்குச் சனிக்கிழமைதான் கண்புரை அறுவை. "நான் வர்ற வரைக்கும் போனைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். காமினி தொட்டுவிட்டாள். நாற்பது நிமிட வேலை, மாமியார் எழுந்து வருவதற்குள் எல்லாம் அழகாக ஓடிக்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

ஓடத்தான் செய்தது. அதுதான் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்ததும் அவள் முதலில் பார்த்தது மாமியார் மேசையிலிருந்த போனின் சின்னத் திரையை. 'தவறிய அழைப்புகள்: 0' என்றது. காமினிக்கு நெஞ்சு குளிர்ந்தது. கணவன் குணாளன் பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டவர்த் கிளினிக்குகளுக்கான சிலிண்டர்களை லோரியில் ஏற்றிக்கொண்டு, இன்றைக்குத்தான் கடையில் காது வலிக்காமல் இருக்கிறது என்று சிரித்துவிட்டுக் கிளம்பினான்.

எட்டு மணிக்கு அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. வழக்கமாகத் திங்கட்கிழமை அந்நேரத்துக்குள் போன் பதினைந்து முறையாவது அலறியிருக்கும். இன்று நாலே அழைப்பு. நாலும் முறையாக வந்தன. புதிய குரல் மலாயில், ஆங்கிலத்தில், சீனத்தில் வரவேற்று, எண்ணை அழுத்தச் சொல்லி, பிசகில்லாமல் அவளிடம் அனுப்பிவைத்தது. சுவரில் மாமியார் தினமும் ஆர்டர் எழுதும் வெள்ளைப் பலகையில் பதினைந்து வரி இருக்க வேண்டிய இடத்தில் நாலு வரி.

பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் ஹரீஷுக்குப் போன் போட்டாள். அமைதியாக இருந்தால் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம், சிஸ்டர் என்றான். தொந்தியும் கழுத்துப்பட்டையுமாக முப்பத்தைந்து வயது மனிதன், எதற்கும் பதறாதவன். பத்தரைக்கு நேரிலேயே வந்து, மடிக்கணினியைத் திறந்து, பச்சைப் பச்சையாகக் கோடுகளைக் காட்டினான். வந்த அழைப்பு எல்லாம் எடுக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு நூறு. காமினி அந்த நூறைப் பார்த்தாள், பலகையிலிருந்த நாலு வரியைப் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு வாசலில் ஒரு வாடகைக் காடி வந்து நின்றது. ஒரு கண்ணில் பஞ்சுக் கட்டு, அதன் மேல் கறுப்புக் கண்ணாடி. புஷ்பவள்ளி படியேறியவள் உள்ளே வராமல் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாரு செத்தது? கடை ஏன் இப்படிக் கெடக்கு?"

காமினி வாய் திறப்பதற்குள் மாமியார் மேசைக்குப் போய், நல்ல கண்ணைத் திரைக்கு ஒட்டக் கொண்டுபோனாள். பூஜ்யத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து ஒருத்தர்கூடவா ரெண்டு ரிங் அடிக்கல?"

"என்ன ரெண்டு ரிங் அத்தே?"

புஷ்பவள்ளி கையால் தடவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அவள் கை தடவுவதைக் காமினி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். கடையின் பழைய வாடிக்கையாளர்கள் போனில் பேசுவதே இல்லை. வீட்டில் கடைசி சிலிண்டரை மாட்டியதும் கடைக்கு அடிப்பார்கள்; இரண்டு ரிங் விட்டுத் துண்டித்துவிடுவார்கள். 'வழக்கமானதை அனுப்பு' என்று அர்த்தம். எடுத்தால்தானே காசு? இரவில் அடித்தாலும் நம்பர் திரையில் நிற்கும். காலை ஏழு மணிக்குப் புஷ்பவள்ளி பார்ப்பாள், பலகையில் எழுதுவாள், எட்டுக்கு லோரி கிளம்பும். பதினெட்டு வருடமாக இப்படித்தான்.

மருமகளுக்கு இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், யாருக்குமே சொல்லவில்லை. டெலிபோன்காரன் காதுக்குப் போனால் அதற்கும் காசு போட்டுவிடுவான் என்று ஆரம்ப நாளில் ஒரு பயம். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததில், கணக்குப் பார்க்க வந்து ஒரு வருடமான மருமகளுக்கும் மறைந்துபோயிற்று. குணாளன் சொல்லியிருப்பான் என்று மாமியார் நினைத்தாள். அம்மா சொல்லியிருப்பாள் என்று அவன் நினைத்தான்.

காமினிக்கு இரண்டு வாரத்துக்கு முந்திய ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. ஹரீஷ் ஒரு பட்டியலைக் காட்டி, ஒரு நாளைக்கு இருபது அழைப்பு ஐந்தாறு விநாடியில் அறுந்துபோகிறது, மோசடிக் கும்பலாக இருக்கும், புதிய வெர்ஷனில் வடிகட்டிவிடலாமா என்று கேட்டான். அவள் மாமியாரிடம் கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மாமியார் பேச்சை மாற்றிவிட்டாள். ஒன்றுமில்லைதானே என்று காமினி, வடிகட்டலாமா என்று கேட்ட சின்னக் கட்டத்தில் டிக் போட்டாள். பத்து விநாடிக்குக் குறைந்த எந்த அழைப்பும் இனிக் கணக்கிலேயே வராது.

"நான்தான் அத்தே நிறுத்தச் சொன்னேன்," என்றாள்.

ஹரீஷ் நல்ல மனதோடுதான் அதைச் செய்யப் போனான். பழைய வெர்ஷனுக்கே திருப்பிவிடலாம், நாற்பது நிமிடம்தான் என்று சொல்லிக்கொண்டே விரலை விசைக்குக் கொண்டுபோனான். காமினிக்கு ஏதோ தட்டியது. நேற்றிரவிலிருந்து வந்த சின்ன அழைப்புகள் அப்போது என்ன ஆகும் என்று கேட்டாள். பழைய பிரதியில் அது இருக்காது, அழிந்துவிடும் என்றான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நகம் பதிந்தது.

"மொதல்ல அதைப் பிரிண்ட் எடு."

வடிகட்டிய குப்பைக்குள்ளிருந்து ஒரு தாள் வந்தது. பதினொரு நம்பர். பெயர் கிடையாது, நேரம் மட்டும். பெயரெல்லாம் புஷ்பவள்ளியின் தலைக்குள் இருந்தது. தாளைப் படிக்கக் கண் இல்லை. காமினி படித்தாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

முதல் நம்பரின் கடைசி நாலு எண்ணைச் சொன்னதுமே, அது ஜெலுத்தோங் லைலா, பெரியது ஒன்று, கையில் இன்னொன்று மிச்சம் இருக்கும், அவசரமில்லை என்றாள். இரண்டாவது மீரா சாகிப், அவருக்கு ராத்திரிக்கு மட்டும்தான், சாயங்காலம் போனால் போதும். மூன்றாவதைப் படித்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாலு தடவை வந்திருக்கு அத்தே. நேத்து ராத்திரி பத்து மணி, காலையில ஆறு, ஆறரை, எட்டு அஞ்சு."

"அதை விடு. அடுத்தது படி."

நாலாவது நம்பர் அறுபத்தாறு நாற்பத்து மூன்றில் முடிந்தது. புஷ்பவள்ளி எழுந்துவிட்டாள்.

"முத்தம்மை. கெலுகோர் பிளாட்டு. எப்ப அடிச்சிருக்கா?"

"நேத்து ராத்திரி பத்து நாப்பத்தெட்டு. காலையில ஆறேகால். ஏழரை."

காமினி திரும்பிக் கடையின் பின்பக்கம் பார்த்தாள். வேலைமேசையில் மூடி கழற்றிய ஓர் ஆக்சிஜன் மெஷின் கிடந்தது. ராம்நாத் என்று துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. முத்தம்மையின் கணவர். மெஷின் பழுதுக்கு வந்து சனிக்கிழமையிலிருந்து கிடக்கிறது. அது சரியாகும் வரை சிலிண்டரை வைத்துத்தான் அவர் மூச்சு. ஒரு சிலிண்டர் பன்னிரண்டு மணி நேரம் வரும். இரவு பத்து நாற்பத்தெட்டுக்குக் கடைசி சிலிண்டரை மாட்டியிருக்கிறாள். காலை பத்து நாற்பத்தெட்டுக்கு அது தீரும்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பதினாலு.

ஹரீஷ் தயங்கிக்கொண்டே, அதே நம்பரிலிருந்து இன்னொன்றும் இருக்கிறது என்றான். ஒன்பது இருபது. நாற்பத்தோரு விநாடி. நீளமான அழைப்பு என்பதால் வடிகட்டியில் விழவில்லை. யாருக்கும் ஒதுக்காத ஒரு குரல்பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. போட்டான்.

"புஷ்பவள்ளி… நான்தாண்டி. ரெண்டு அடிச்சேன்லா. மூணு தடவை அடிச்சேன். ஒரு பொம்பளை எடுத்து மலாயில பேசுறா. யாரு அவ? இவருக்கு…"

பிறகு பேச்சு இல்லை. தூரத்தில் ஒரு சீறல் மட்டும், நீண்டு நீண்டு. அதுவும் நின்றது.

முத்தம்மையின் நம்பருக்குப் புஷ்பவள்ளி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. குணாளன் பாலத்து ஜாமில் நின்றிருந்தான். காமினி தன் மைவி காரின் பின்சீட்டில் சிலிண்டரைப் படுக்க வைத்தாள். ஹரீஷ் கூப்பிடாமலே ஏறிக்கொண்டான். மிச்சமுள்ள ஏழு நம்பரை ஹரீஷின் மடிக்கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கித் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினாள் மாமியார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சிவப்பு விளக்கில் நிற்கும்போது காமினி நினைத்தாள். போய்ப் பார்க்கும்போது வீட்டு வாசலில் செருப்புகள் கூட்டமாகக் கிடந்தால் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் தேடினாள். அகப்படவில்லை. எந்த வாக்கியமும் 'நான் ஒரு கட்டத்தில் டிக் போட்டேன்' என்றுதான் தொடங்கியது.

அந்த அடுக்குமாடியில் மின்தூக்கி ஐந்து மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும். முத்தம்மை வீடு எட்டாவது மாடி. பத்தில் இறங்கி, இரண்டு மாடி படிக்கட்டில் சிலிண்டரை இருவரும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு படியிலும் அது 'டங்' என்றது.

வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. பக்கத்து வீட்டு நோர்மா ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு வழிகாட்ட நின்றிருந்தாள். கையால் உள்ளே காட்டினாள்.

ராம்நாத் கட்டிலில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. முத்தம்மை அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையைச் சிலிண்டரின் திருகில் வைத்திருந்தாள். காற்றோட்டம் காட்டும் அளவுமானியில் உருண்டை அடியோடு அடியாகக் கிடந்தது, ஆனால் அசைந்தது.

"ஏழரைக்கு அடிச்சும் வரலைன்னதும் கொறைச்சிட்டேன்," என்றாள் முத்தம்மை. "ரெண்டு லிட்டர்ல ஓடுறதை ஒண்ணுல வச்சேன். அப்புறம் அரையில. நீங்க வர்ற வரைக்கும் வரணும்ல."

நாலு மணி நேரமாகக் கணவனின் மூச்சைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். போன் அடித்தபோது திருகை விட்டுப் போக முடியவில்லை.

காமினி கடையில் ஆயிரம் சிலிண்டருக்குக் கணக்கு எழுதியவள். ஒன்றையாவது மாற்றத் தெரியாது. ஹரீஷுக்கும் தெரியாது. முத்தம்மைதான் எழுந்து, தலையணைக்கடியிலிருந்து திருகுச் சாவியை எடுத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். பத்து விநாடிகூட ஆகவில்லை. ஹரீஷின் வடிகட்டியில் விழுந்துவிடும் நேரம். சீறல் தொடங்கியது. அந்த ஓசையை இதற்குமுன் காமினி கவனித்துக் கேட்டதில்லை.

ஐந்து நிமிடத்தில் ராம்நாத்தின் தோள் மெல்ல மெல்ல இறங்கியது. அவர் காமினியைப் பார்த்தார், விரலால் கிட்டே கூப்பிட்டார்.

"அந்த மலாய் பேசுற பொம்பளையை," ஒரு மூச்சு, "வேலையிலேர்ந்து," இன்னொரு மூச்சு, "நிறுத்துங்கம்மா."

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து விரலில் கருவியை மாட்டி, தாக்குப்பிடித்துவிட்டார், இருந்தாலும் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கிளம்பும்போது முத்தம்மை காமினியிடம், ரெண்டு ரிங் கேட்கலையா என்று கேட்டாள். பெட்டி பழுது என்று சொல்லிவிட வழி இருந்தது. ஹரீஷ்கூட அதற்கு வாய் திறந்தான்.

"கேக்காத மாதிரி பண்ணது நான்தாம்மா," என்றாள் காமினி.

முத்தம்மை தீர்ந்த சிலிண்டரின் வாயை மூடி அவள் பக்கம் நகர்த்தினாள். "காலி ஒண்ணு திருப்பிட்டேன்னு மாமியார்கிட்ட எழுதிக்கச் சொல்லு." அவ்வளவுதான்.

ஒன்றேகாலுக்கு அவர்கள் திரும்பியபோது குணாளன் வந்து, மற்ற வீடுகளுக்கெல்லாம் ஓடி முடித்து, கடைவாசலில் லோரியை நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். புஷ்பவள்ளி முடிந்துபோன காலை நாலு வரியை அழித்துவிட்டு, ஒற்றைக் கண்ணால் பலகையில் கோணல் மாணலாகப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டிருந்தாள். மீரா சாகிப்புக்குக்கூட முன்கூட்டியே போய்விட்டது. ராம்நாத் நன்றாக இருக்கிறார் என்று கேட்டதும், முத்தம்மை பெயருக்கும் டிக் போட்டுவிட்டு, அந்த நாளில் முதல்முறையாக மூச்சை முழுசாக விட்டாள்.

காமினிக்கும் அழுகை வர இருந்தது. ஆனால் கணக்குப்பிள்ளைக் கண் அதற்குள் பலகையை எண்ணிவிட்டது. பத்து.

கையிலிருந்த தாளை எண்ணினாள். பதினொன்று.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தப் பலகையில் பெயரில்லாமல் ஒரு வெறும் கோடு இருக்கும். அந்த வாரம் ஒரு சின்ன சிலிண்டர் இருப்பில் உதைக்கும். யாரோ திருடுகிறார்கள் என்று மூன்று மாதமாக அவள் மனதுக்குள் ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அந்த மூணாவது நம்பர் யாரு?"

புஷ்பவள்ளி துணியை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாத மேசையைத் துடைத்தாள். குணாளன் தாளை வாங்கிப் பார்த்தான். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"அம்மா. அப்பாவுக்கு யாரு கொண்டு போனது?"

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை கடைக்குள் விழுந்தது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், முகம்மது கனியின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அங்கேதான் பிச்சைமுத்து இருக்கிறார். இரண்டு வருடமாக நெஞ்சு சரியில்லை. யாரிடமும் கேட்கவில்லை, தான் தொடங்கிய கடைக்கே ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு ரிங் அடித்தார். புஷ்பவள்ளிக்கு நம்பர் தெரியும். பெயர் எழுதாமல் ஒரு கோடு போட்டாள். குணாளன் கேட்கவில்லை, சின்னதில் ஒன்று கூடுதலாக ஏற்றிக்கொண்டு போய்ப் படியேறிக் கொடுத்துவிட்டு வந்தான். அம்மாவும் மகனும் இதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கடையிலிருந்து பத்து நிமிடம். அந்தப் பதினொரு பேரிலும் கிட்டத்தில் இருப்பவர் அவர்தான்.

"அவரு செவ்வாய்க்கிழமைதான் அடிப்பாரு," என்றாள் புஷ்பவள்ளி. "இன்னிக்குத் திங்கள். நாளைக்குத்தானேன்னு…"

"நாலு தடவைன்னு சொன்னேனே அத்தே."

மாமியாருக்கும் அது கேட்டிருந்தது.

எட்டு அஞ்சுக்குப் பிறகு அந்த நம்பரிலிருந்து ஒன்றும் இல்லை. ஐந்தேகால் மணி நேரம். குணாளன் முகம்மது கனியைக் கூப்பிட்டான். கனி கெடா மாநிலத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். திங்கட்கிழமை கடை அடைப்பு, கீழே ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்றார். ஹரீஷ் யாரும் சொல்லாமலே ஆம்புலன்சுக்கு அடித்து, குணாளனிடம் முகவரி கேட்டுச் சொன்னான். குணாளன் ஒரு சின்ன சிலிண்டரைத் தோளில் தூக்கினான்.

"சின்னது வேணாம்," என்றாள் புஷ்பவள்ளி. "பெருசா ஏத்து."

லோரி திருப்பத்தில் மறைந்தது. காமினி மாமியாரின் போனை எடுத்து அந்த நம்பருக்கு அடித்தாள். அந்தக் கடையில் இரண்டு ரிங்குக்கு மேல் எண்ணும் வழக்கமே இல்லை. அவள் பதினேழு எண்ணினாள். அறுந்தது. மறுபடி அடித்தாள்.

புஷ்பவள்ளி பலகைக்குப் போனாள். பத்து வரிக்குக் கீழே, கட்டுப்போட்ட கண்ணும் கலங்கிய கண்ணுமாக, இடத்தைக் கையால் தடவிப் பார்த்துப் பதினோராவதாக எழுதினாள். கோடு போடவில்லை. பிச்சைமுத்து என்று முழுப் பெயரும் எழுதினாள். எதிரே டிக் போடும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வந்தது பதினொன்று. போனது பத்து. பாக்கி ஒன்று.